மழைக்கு ஒரு வழி: நெல்லைச் சீமையின் கூரைகளும் வார்ப்பிரும்பும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் தொடங்கிய மழையைத் தாமிரபரணிக் கரையில் வாழ்வோர் எளிதில் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் அளந்தபோது, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. ஆறு கரையை உடைத்தது, குளங்கள் உடைந்தன, இரயில் பாதை தொங்கிற்று. இவற்றையெல்லாம் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அந்த இரவில் ஒவ்வொரு கூரையின்மேலும் நடந்த சிறிய போராட்டத்தை எவரும் எழுதவில்லை.

சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரையின்மேல் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால், அதிலிருந்து இறங்கும் நீர் 1,90,000 லிட்டர். எடையில் 190 டன். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ பதினாறு ஒரே நாளில் வந்து, நம் வீட்டுச் சுவரோரத்தில் தம் சுமையை இறக்கிச் சென்றதற்கு ஒப்பானது இது. இவ்வளவு நீரும் எவ்வழியே போயிற்று? கூரையிலிருந்து நிலத்துக்கு அதை அழைத்துச் சென்றது எது? பழங்கட்டடம் ஒன்றின் ஆயுளை நிர்ணயிக்கும் கேள்வி இதுவே.

அவ்விரவில் நான் தங்கியிருந்தது நூற்றாண்டைக் கடந்த ஓட்டுக்கூரை பங்கு இல்லம் ஒன்றில். அதன் வடபுறத்து இறவாரத்தில் பழைய வார்ப்பிரும்பு நீரோடையும், அதிலிருந்து இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயும் இருந்தன. தென்புறத்தில் இருந்தவற்றைச் சில ஆண்டுகளுக்கு முன் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் ஓடையைப் பொருத்தியிருந்தோம். அதற்குக் கையெழுத்திட்டவன் நானே. விடிந்தபோது தென்புறத்து ஓடை தாங்கிகளை விட்டு நழுவி முற்றத்தில் கிடந்தது. வடபுறத்து இரும்பு நிரம்பி வழிந்திருந்தாலும் இடம் பெயரவில்லை. மூன்று மாதங்களில் தென்சுவரின் சுண்ணாம்புக் காரை உப்புப் பூத்து, பெரும் பாளங்களாக உதிரத் தொடங்கிற்று.

சுவரைப் பார்வையிட வந்த முதிய கொத்தனார் ஒருவர் சொன்னார்: "சுவரு மேல குத்தம் இல்ல சாமி. மேல பாருங்க. தண்ணிக்கு வழி இல்லன்னா அது சுவரைத்தான் வழியா எடுத்துக்கிடும்." இந்த ஒரு வாக்கியமே என்னை இக்கட்டுரைக்குள் இழுத்து வந்தது.

இரும்புக்கு முன்

மழைநீருக்கு வழி செய்யும் கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. நீர் செல்லும் துளைக்கும் குழாய்க்கும் 'தூம்பு' என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஏரி மடைக்கும் அதே சொல். கூரை நீர் வெளியேறும் குழலுக்கும் அதே சொல். இலங்கைத் தமிழர் கூரையோர ஓடையைப் 'பீலி' என்பர். பொருளும் சொல்லும் நம்முடையனவாகவே இருந்தன. பொருளைச் செய்யும் பொருள்தான் காலந்தோறும் மாறி வந்துள்ளது.

கற்கோயில்களின் தட்டையான மேல்தளத்தில் விழும் மழையை வெளியே தள்ளக் கல் தூம்புகள் வைக்கப்பட்டன. அவை சுவரிலிருந்து நன்கு நீண்டு நிற்கும். அடிச்சுவர் நனையாமல் தொலைவில் போய் நீர் விழவேண்டும் என்பதே அந்நீட்சியின் நோக்கம். ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களிலும் இதே உபாயம்தான். அங்கே அத்தூம்புகளுக்கு விசித்திர விலங்கு முகங்களைச் செதுக்கினர். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வாழ்ந்த, ஒருவரையொருவர் அறியாத இரு கற்றச்சர் கூட்டங்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டன. மழை எங்கும் ஒரே ஆசிரியர்தானே!

செல்வம் மிகுந்த இடங்களில் உலோகமும் பயன்பட்டது. சாரலில் நனைந்துகொண்டே இருக்கும் குற்றாலத்தின் சித்திர சபைக்குச் செப்புத் தகடு வேய்ந்த கூரை அமைந்திருப்பதைக் காண்கிறோம். எளியோர் வீடுகளிலோ பனையே கைகொடுத்தது. பனந்தடியை இரண்டாகப் பிளந்து, உள்ளே உள்ள சோற்றைக் குடைந்து எடுத்தால் வைரம் பாய்ந்த வெளிப்பகுதி நீண்ட தொட்டியாக நிற்கும். அதுவே ஓடை. பனை விளையும் தேரிக்காட்டில் காசின்றிக் கிடைக்கும் ஓடை. ஓலைக் கூரைக்கு அதுவும் தேவையில்லை. நீண்டு தாழ்ந்த இறவாரம் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சுவருக்கு அப்பால் இறக்கிவிடும்.

ஆதலின் ஒன்றை முதலிலேயே நினைவில் கொள்ளவேண்டும். எல்லாப் பழங்கட்டடத்துக்கும் இரும்பு ஓடை உரியதன்று. பழமை என்ற பெயரால் அக்கட்டடம் ஒருபோதும் அறிந்திராத பொருளை அதன்மேல் ஏற்றுவதும் ஒருவகைப் பொய்யே.

இரும்பின் தாயகத்தில் வந்திறங்கிய இரும்பு

இங்கே ஒரு விந்தையைச் சுட்டியாக வேண்டும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கு உலகின் மிகப் பழைய இரும்புப் பகுதிகளுள் ஒன்று. ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டில் 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது இரும்பு வாள்களும் ஈட்டி முனைகளும் வேளாண் கருவிகளும் ஏராளமாக வெளிப்பட்டன. அண்மையில் சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு, அங்கே இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டுவரை கொண்டு செல்கிறது. இம்முடிவுகளை 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு அரசு நூலாக வெளியிட்டது. அறிஞர் உலகம் இதனை இன்னும் விவாதித்து வருகிறது.

அத்தகைய மண்ணுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இரும்புக் குழாய் கடல் கடந்து வந்தது ஏன்? விடை உலையின் வெப்பத்தில் இருக்கிறது. நம் பழைய கொல்லர்கள் களிமண் உலையில் கரியிட்டு, துருத்தி ஊதி, தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தனர். அது முழுதும் உருகி ஓடுவதில்லை; கசடு கலந்த கட்டியாகத் திரளும். அதனைக் காய்ச்சி அடித்து அடித்துத் தூய்மையாக்கி வாளும் கொழுவும் செய்தனர். அடித்துச் செய்வது ஒரு கலை; உருக்கி வார்ப்பது வேறொரு கலை. இரும்பை நீர்போல் உருக்கி அச்சில் ஊற்றும் நுட்பத்தைச் சீனர் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்திருந்தனர். ஐரோப்பா அதை இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் கற்றது. 1709-இல் ஆபிரகாம் டார்பி என்பவர் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகச் சுட்ட நிலக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். அதன்பின் வார்ப்பிரும்பின் விலை மெல்ல மெல்ல வீழ்ந்தது.

அதுவரை இங்கிலாந்தின் பெரிய கட்டடங்களில் மழைநீர்க் குழாய்கள் ஈயத்தால் செய்யப்பட்டன. ஈயம் நீடித்தது; ஆனால் விலை மிகுதி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வார்ப்பிரும்பு அதன் இடத்தைப் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளாஸ்கோ நகரத்து வார்ப்படசாலைகள் தடித்த விலைப்பட்டியல் நூல்களை அச்சிட்டன. அரைவட்ட ஓடை, வளைவு நெளிவான முகப்புள்ள ஓடை, பெட்டி ஓடை, குழாய், நீர்கூடும் தலைத்தொட்டி என எல்லாவற்றுக்கும் எண்ணிட்டுப் படம் போட்டிருப்பர். எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் போதும், பொருள் கப்பலேறும். வால்டர் மக்ஃபார்லேனின் சாரசன் வார்ப்படசாலை அவற்றுள் புகழ் பெற்றது. மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் நாம் வியந்து நோக்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் அங்கிருந்து வந்தவையே.

தமிழகத்திலும் இரும்பை வார்க்கும் முயற்சி இல்லாமலில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகளை நிறுவி, சேலத்துத் தாதுவை மரக்கரி கொண்டு உருக்கினார். காடுகள் கரியாயின, முதலீடு கடனாயிற்று. 1860-களில் அத்தொழில் அணைந்தது. கப்பலில் வந்த சீமை இரும்பே சந்தையில் வென்றது.

நெல்லைக்கு வந்த வழி

நம் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டு கட்டடங்களின் நூற்றாண்டு எனலாம். 1826-இல் இரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டையில் எழுப்பிய ஆலயம் இன்றும் 'ஊசிக் கோபுரம்' என்றே ஊராரால் அழைக்கப்படுகிறது. 1843-இல் சுலோச்சன முதலியார் பாலம் 11 வளைவுகளோடு ஆற்றின்மேல் திறக்கப்பட்டது. மெஞ்ஞானபுரத்து ஆலயம் 1847-இல் வழிபாட்டுக்கு வந்து, 1868-இல் 192 அடி உயரக் கோபுரத்தைப் பெற்றது. வடக்கன்குளத்தில் நம் சபையாரின் பெரிய ஆலயம் 1872-இலும், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 33 ஆண்டுகள் காத்திருந்து கட்டிய ஆலயம் 1880-இலும் நிறைவெய்தின. இவற்றைச் சுற்றிப் பள்ளிகளும் விடுதிகளும் பங்கு இல்லங்களும் மருத்துவமனைகளும் எழுந்தன.

இதே காலத்தில் கூரையின் இயல்பு மாறியது. 1865-இல் பாசல் மிஷன் சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அச்சுவார்ப்பு ஓடுகள் தென்னகமெங்கும் பரவின. ஓலையில் மழை தயங்கித் தயங்கி இறங்கும். நாட்டு ஓட்டிலும் சற்றுத் தயங்கும். மங்களூர் ஓட்டிலோ வழுக்கிப் பாயும். பெரிய கட்டடம், செங்குத்தான கூரை, பாய்ந்திறங்கும் நீர் ஆகிய மூன்றும் கூடியபோது இறவாரத்தில் வலிமையான ஓடை தேவைப்பட்டது.

எடை மிகுந்த அப்பொருள் எவ்வாறு வந்தது? தூத்துக்குடியில் அன்று ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கரை சேர்த்தன. 1876-இல் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இருப்புப்பாதையும், மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளைப்பாதையும் திறக்கப்பட்டன. அதுவரை மாட்டு வண்டியில் சென்ற பாரம் அதன்பின் இரயிலேறியது. 1885-ஐ ஒட்டிப் பாபநாசத்து அருவியின் ஆற்றலைக் கொண்டு ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை விக்கிரமசிங்கபுரத்தில் ஓடத் தொடங்கியது. ஆலையும் இரயில் நிலையமும் எழுந்த இடமெல்லாம் இரும்பு பழக்கப்பட்ட பொருளாயிற்று.

ஆகவே நம் வட்டாரத்துக் கட்டடம் ஒன்றில் வார்ப்பிரும்பு ஓடை தொடக்கம் முதலே இருந்திருக்குமா என்று ஆராய்வோர்க்கு 1876 ஒரு நல்ல எல்லைக்கல். அதற்கு முற்பட்ட கட்டடமாயின் ஓடை பின்னாளில் சேர்க்கப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பின்னாளில் சேர்ந்தது என்பதாலேயே அது மதிப்பற்றதாகிவிடாது. ஆனால் அந்த உண்மை தெரிந்திருக்கவேண்டும்.

அதன் குணமும் குறையும்

வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கலந்திருக்கும். அதனால் அது எளிதில் உருகி அச்சில் நிரம்பும். அதனாலேயே அடித்தால் நசுங்காது, உடையும். மணலில் வார்க்கும்போது அதன் மேற்பரப்பில் ஒரு கடினத் தோல் உண்டாகிறது. அத்தோல் துருவைத் தடுத்து நிற்கிறது. காலந்தவறாமல் வண்ணம் பூசிவந்தால் நூறாண்டுக்கு மேலும் உழைக்கும். பூசாவிட்டால் தோல் விட்ட இடத்தில் துரு புகுந்து, உட்புறமிருந்தே அரிக்கும்.

வெப்பம் மிகுந்த நம் ஊருக்கு அதன் தலையாய குணம் அசையாமை. பங்குனி வெயிலில் தகித்த ஓடை மேல் திடீரென்று கோடைமழை இறங்கும்போது 40 பாகை வெப்பம் குறைவதாகக் கொள்வோம். 10 மீட்டர் நீளப் பிளாஸ்டிக் ஓடை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் சுருங்கும். வார்ப்பிரும்பு அரை சென்டிமீட்டர்கூடச் சுருங்காது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முறை நீண்டும் சுருங்கியும் பிளாஸ்டிக்கின் இணைப்புகள் தளர்கின்றன. வெயிலில் அது நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. எங்கள் தென்புறத்தில் நடந்தது இதுவே. இணைப்பு ஒவ்வொன்றும் முன்பே தளர்ந்திருந்தது. பெருமழை அதைச் சுட்டிக் காட்டியது, அவ்வளவுதான்.

பழைய பொருத்துமுறையில் ஒரு நுண்ணறிவு புதைந்திருக்கிறது. குழாயின் இருபுறமும் காதுகள் போன்ற தகடுகள் வார்க்கப்பட்டிருக்கும். அவற்றை ஆணியால் சுவரில் அறையும்போது இடையில் ஒரு சிறு கட்டை வைத்து, குழாயைச் சுவரிலிருந்து ஓர் அங்குல அளவு விலக்கி நிறுத்துவர். குழாயின் முதுகுக்கும் தூரிகை எட்டவேண்டும் என்பது ஒரு காரணம். குழாயில் விரிசல் கண்டாலும் நீர் சுவருக்குள் புகாமல் வெளியே வடியவேண்டும் என்பது மற்றொரு காரணம். சுவரை ஒட்டிப் பதித்த குழாய் பார்வைக்கு அழகு. ஆனால் அதன் முதுகில் நடப்பதை ஒருவரும் அறியார். எங்கள் வடபுறத்துக் குழாயிலும் அத்தகைய ஓரிடம் இருந்தது. முன்பக்கம் பளபளத்த வண்ணம், பின்பக்கம் ஓட்டை. மனிதரைப் பற்றியும் இதைச் சொல்லலாம்.

குறைகளை மறைத்தல் ஆகாது. வார்ப்பிரும்பு கனமானது, நலிந்த மரச்சட்டத்தில் அதைத் தொங்கவிடுதல் ஆபத்து. மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் துரு விரைந்து ஏறும். அங்கே வண்ணப்பூச்சை இருமடங்கு கவனிக்கவேண்டும். விலையும் பன்மடங்கு. மேலும், இங்கிலாந்தின் பழைய அளவுகள் அந்நாட்டு மழைக்கு வகுக்கப்பட்டவை. அங்கே வழக்கமாக ஒரு மணிக்கு 75 மில்லிமீட்டர் மழைக்கு ஓடையைக் கணக்கிடுவர். நம் ஐப்பசி கார்த்திகை மழை சில நிமிடங்களுக்கு அதனை எளிதில் விஞ்சும். ஆகவே உருவத்தைப் பின்பற்றுவோர், அகலத்தைச் சற்றுக் கூட்டவோ இறங்கு குழாய்களின் எண்ணிக்கையை மிகுதியாக்கவோ தயங்கலாகாது.

தெரிந்தெடுக்கும் முறை

வெள்ளத்துக்குப் பின் எங்கள் பங்குப் பேரவை பலமுறை கூடிற்று. இளையோர் சிலர், "மறுபடியும் பிளாஸ்டிக்கே போடலாம் சாமி, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்றனர். பெரியவர்கள், "எல்லாவற்றையும் புது இரும்பாகவே மாற்றிவிடுவோம்" என்றனர். இரண்டும் பிழை என்பதை மெல்லத்தான் உணர்ந்தோம். அப்போது நாங்கள் கற்ற வரிசையை, இத்தகைய கட்டடங்களைப் பொறுப்பில் வைத்திருப்போர்க்குச் சொல்லிவைப்பது பயன்தரும்.

முதலில், இருப்பதைத் தட்டிப் பார்க்கவேண்டும். சந்தையில் பானை வாங்கும் தாய்மார் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோல, சிறு சுத்தியால் மெல்லத் தட்டினால் நல்ல வார்ப்பு மணிபோல ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். எங்கள் வடபுறத்தில் பெரும்பகுதி மணியோசை தந்தது. துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் கொடுத்தாலே போதுமென்று ஆயிற்று. பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கும்; இணைப்புகளில் அடைத்த செந்தூரக் கலவையும் ஈயமே. உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசியாக்கினால் நஞ்சு. நனைத்துச் சுரண்டவேண்டும், சிறுவர்களைக் கிட்டே விடலாகாது.

அடுத்து, இல்லாததை வார்க்கலாம். பழைய துண்டு ஒன்றையே மாதிரியாகக் கொண்டு கோயம்புத்தூர் போன்ற வார்ப்படத் தொழில் செழித்த ஊர்களில் புதியது வார்த்துத் தருவர். ஒரு நுட்பம் உண்டு. உருகிய இரும்பு குளிரும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். பழைய துண்டை அப்படியே மணலில் பதித்தால், பிறக்கும் பிள்ளை தந்தையைவிடச் சற்றுச் சிறியதாய் இருக்கும், இணைப்பு சேராது. ஆதலின் அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்யவேண்டும். எங்களுக்கு முதலில் வந்த துண்டு பொருந்தாமற் போனபோதுதான் இப்பாடம் விளங்கிற்று.

மூன்றாவது, ஓடைக்குச் சரிவு வேண்டும். 3 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் அளவேனும் தாழ்வு இருத்தல் நலம். இறங்கு குழாயின் கீழ்முனையில் நீர் வெளியேற வழியில்லையேல் மேலே செய்த அனைத்தும் வீண். எங்கள் குழாயின் அடிவாயைப் பிற்காலத்துச் சிமெண்டுத் தளம் பாதி மூடியிருந்தது! சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சும் அவ்வாறே தீங்கு செய்கிறது. சுண்ணாம்பு மூச்சு விடும். சிமெண்டு அந்த மூச்சை அடைக்கும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே தின்னும்.

இறுதியாக, ஓடையே வேண்டாத இடத்தில் அதை விட்டுவிடவேண்டும். தென்புறத்துத் தாழ்வாரத்தின் ஒரு பகுதிக்கு இறவாரம் இரண்டடிக்கு மேல் நீண்டிருந்தது. அங்கே ஓடையின்றி, சொட்டு விழும் கோட்டில் கல் பாவி, நீர் முற்றத்துக்கு வெளியே ஓடச் செய்தோம். எஞ்சிய தென்புறத்துக்கு மட்டுமே புதிய வார்ப்பு. செலவு பாதியாயிற்று.

எதைக் காப்பது, எதை நீக்குவது?

இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கின்றனர். அத்தகைய கட்டடத்தில் ஓடையை மாற்றுவதற்குக்கூட இசைவு பெறவேண்டி வரலாம். நம் நாட்டில் நூறாண்டு கடந்த நினைவுச் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஆயினும் நம் ஊர்களின் பழைய ஆலயங்களும் பள்ளிகளும் பங்கு இல்லங்களும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றைக் காப்பதும் சிதைப்பதும் பங்கு மக்கள் கையிலும், மாறி மாறி வரும் பங்குத்தந்தையர் கையிலுமே இருக்கின்றன. என் போன்றோர் ஓரிடத்தில் சில ஆண்டுகளே இருப்போம். சுவர் நமக்கு முன்பும் இருந்தது. நமக்குப் பின்பும் இருக்கவேண்டும்.

அப்படியானால் பழையன யாவும் காக்கத்தக்கனவா? இதற்கு வடக்கன்குளம் தரும் விடையைவிடத் தெளிவானதொன்றை நான் அறியேன். 1872-இல் நிறைவெய்திய அவ்வாலயம் பீடத்தில் கூடும் இரு கைகளாகக் கட்டப்பட்டது. இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் அமர்வதற்கென்றே அமைந்த வடிவம் அது. நடுவே தடுப்பு. 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. அது தம் உரிமை என்று கூறி ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அந்தத் தடுப்பும் பழமையானதுதான். திறமையான கொத்தர் கட்டியதுதான். ஆயினும் அதை மீண்டும் எழுப்புவதே மரபைக் காத்தல் என்று இன்று எவரேனும் சொன்னால் நாம் ஏற்போமா?

எனவே ஒரு பொருளைக் காக்க அதன் வயது மட்டும் போதிய காரணமாகாது. அது என்ன பணி செய்தது, யாருக்குச் செய்தது என்றும் கேட்கவேண்டும். வடக்கன்குளத்துத் தடுப்பு மனிதரைப் பிரித்தது. இறவாரத்து இரும்பு ஓடையோ தன்னை நனைத்துக்கொண்டு, உள்ளே இருப்போர் யாராயினும் நனையாமல் காத்தது. ஒன்றை நீக்கியது நீதி. மற்றொன்றைக் காப்பது நன்றி.

வார்ப்பிரும்பு அலங்காரங்களை வெறுத்தவர் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின். கையால் செய்யாத பொருளில் உயிர் இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் அவரே 1849-இல் எழுதிய நூலில், கட்டடத்தைப் பின்னாளில் புதுப்பிப்பதைவிட அன்றாடம் பேணுவதே மேல் என்று வற்புறுத்தினார். அவர் கருத்தில் ஊறிய வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தையே நிறுவினார். ரஸ்கின் வெறுத்த அதே வார்ப்பிரும்பை இன்று அவருடைய வழிவந்தோர் பேணிக் காக்கிறார்கள். காலம் இவ்வாறுதான் சில வழக்குகளைத் தீர்த்து வைக்கிறது.

எங்கள் இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், இளைஞர் இருவர் ஏணி வைத்து ஏறி ஓடையிலுள்ள வேப்பஞ்சருகுகளை அள்ளுகிறார்கள். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு காலை வேலைதான். சென்ற முறை நான் கீழே நின்று ஒரு வாளித் தண்ணீரை மேலே கொடுத்து ஊற்றச் சொன்னேன். அது ஓடை வழியே ஓடி, தலைத்தொட்டியில் கூடி, குழாய்க்குள் இறங்கி, அடிவாயில் வெளிவந்து, கல்லின்மேல் பரவிக் கிணற்றடி நோக்கிச் சென்றது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

அந்தக் கொத்தனார் அடுத்த மழைக்கு முன் காலமாகிவிட்டார். அவர் பேரன்தான் ஏணியில் நின்றவன்.